சேலைக்கு மேல் ஒரு சட்டை

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு காலர். நீலக் கட்டம் போட்ட ஆண் சட்டையின் காலர், கழுத்துப் பொத்தான் வரை மாட்டப்பட்டு, ஒரு பச்சைச் சேலையின் மேல் நிமிர்ந்து நின்றது. அதை அணிந்திருந்த பெண்ணை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

போத்தனூரிலிருந்து சுந்தராபுரம் போகும் சாலையில், ஒரு பேக்கரிக்கு எதிரே இருக்கும் முக்கு அது. கட்டிட வேலைக்குப் போகிறவர்கள் காலையில் அங்கே நிற்பார்கள். மேஸ்திரிகள் வந்து ஆள் எடுத்துப் போவார்கள். அன்று பதினான்கு பெண்கள் நின்றார்கள். பதினான்கு பேரும் சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டிருந்தார்கள்.

நான் இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழில் வேலை பார்த்தவள். செய்தி திருத்துவது, பக்கம் கட்டுவது, படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுவது. வேலையை விட்ட பிறகும் கைப்பைக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. மணி, இடம், பார்த்தது. கருத்து எழுதுவதில்லை. அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: "கட்டம் போட்ட சட்டை ஆறு. கோடு போட்டது நான்கு. பெட்ரோல் பங்க் சீருடை ஒன்று. பள்ளிச் சீருடை ஒன்று. வெள்ளை, சாயம் ஒட்டியது, இரண்டு. எல்லாருக்கும் மேல் பொத்தான் போட்டிருக்கிறது. கீழே இரண்டு பொத்தான் திறப்பு, கொசுவத்துக்காக."

நீலக் கட்டம் போட்டவருக்கு நாற்பது வயது இருக்கும். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"ஏனுங் மேடம், ஓட்டு லிஸ்டுங்களா?"

இல்லை, சட்டைகளைப் பார்த்து எழுதுகிறேன் என்றேன். அவர் திரும்பிப் பள்ளிச் சீருடை போட்டிருந்த பெண்ணைப் பார்த்தார்.

"கேட்டுக்க. உன்ற சட்டையப் பத்தி எழுதறாங்களாமா. தொவச்சுப் போட்டுட்டு வந்திருக்கலாமல்ல."

பேருந்தில் போகவேண்டிய அவசரம் எனக்கு இல்லை. நான் போய்க்கொண்டிருந்தது ஒரு தோழியின் வீட்டுக்கு, நடந்தே போகும் தூரம்தான். அந்தத் தோழிக்காகத்தான் அந்த மூன்று வாரமும் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். வீட்டின் முன் அறையில் ஆறு தையல் மிஷின் போட்டு, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணியும் அளவும் வெளியிலிருந்து வரும். தைத்து அனுப்புவது மட்டும் இவள் வேலை. அவளுக்குத் தானே வரைந்து, தானே வெட்டி, தன் பெயரில் உடுப்பு செய்யவேண்டும் என்று இருந்தது. அவள் கணவர் மோட்டார் பம்ப் உதிரி பாகங்கள் விற்பவர். அவருடைய குடோனைக் கட்டிடச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லியிருந்தார். முன் அறையை அவர் கேட்டார். இருவருக்கும் நடுவில் சண்டை இல்லாமல் ஒரு முடிவு ஆனது. அவிநாசி சாலையில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் உடுப்புக் கண்காட்சி வருகிறது. அதில் அவள் செய்தது ஒரு கடைக்காவது போனால், முன் அறை அவளுக்கு. போகாவிட்டால் மிஷின்கள் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போகும். சீருடை மட்டும் தைக்கலாம். முன் அறையில் பம்ப் இருக்கும். இதை என்னிடம் சொல்லும்போது அவள் ஒரு பையனின் அரைக்கால் சட்டையில் பிசிறு நூல் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தைக்கத் தெரியுதுங்க்கா. பாக்கத் தெரியல. கூட வாங்க."

அதனால் நடந்தோம். காந்திபுரத்தில் துணிக்கடைகளுக்கு வெளியே நிற்கும் பொம்மைகளைப் பார்த்தோம். முன்னால் கச்சிதமாக இருக்கும் சுடிதார், முதுகுப் பக்கம் ஐந்தாறு துணிக் கிளிப்பில் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடிக் கம்பியில் எட்டு லுங்கிகள் காய்ந்தன. எதிலும் ஒரே கட்டம் இரண்டாவது முறை வரவில்லை. ஒப்பணக்காரத் தெருவில் ஜாக்கெட் துணி விற்கும் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றோம். உள்ளே டியூப் லைட்டில் யாரும் நம்புவதில்லை. சேலைத் தலைப்பையும் ஜாக்கெட் துணியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் பிடித்துப் பார்க்கிறார்கள். கடைக்காரரும் கூடவே வருகிறார். டவுன் பஸ் உரசிக்கொண்டு போகிறது. அரக்கா மெரூனா என்று நடுத்தெருவில் முடிவாகிறது. தோழி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாள். வீட்டுக்குப் போய் எதுவும் வரையவில்லை.

முக்கில் பார்த்த சட்டைகளைச் சொன்ன அன்று வரைந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு என்னுடன் வந்தாள். அடுத்த நாளும் வந்தாள். சேலைக்கு மேல் அந்தச் சட்டை விழும் விதம், தோள் பெரிதாக இருப்பதால் கை முட்டிக்குக் கீழே இறங்குவது, ஒரு கை மடித்து ஒரு கை மடிக்காமல் இருப்பது எல்லாவற்றையும் தாளில் கொண்டுவந்தாள். நீலக் கட்டம் போட்டவருக்கு இவளைப் பிடித்துப்போனது. நேராக நின்று காட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரை நடிகை என்று கூப்பிட்டார்கள்.

எனக்கு அதில் ஒரு தனிக் கணக்கு இருந்தது. வால்பாறையில் தேயிலை பறிக்கும் பெண்களின் படங்களுக்கு எத்தனையோ முறை வரி எழுதியிருக்கிறேன். பனி, பச்சை, மலை எல்லாம் எழுதினேன். அவர்களும் சேலைக்கு மேல் ஆண் சட்டைதான் போட்டிருந்தார்கள். சட்டை என்ற சொல் ஒரு வரியிலும் இல்லை. படத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. இந்த முறை பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறித் துணி எடுத்தோம். சிமெண்டு நிறம், வெளுத்த நீலம், செங்கல் தூள் நிறம். முக்கில் இருந்த நிறங்களைத் தவிர வேறு எடுப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். வெட்டுவதற்கு முந்தின வாரம் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய கேன்வாஸ், ஏறக்குறைய முழுக்க வெள்ளை. இடது மேல் மூலையிலிருந்து கீழே ஒரு சாம்பல் கோடு மட்டும் இறங்கியது. தோழி அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றாள்.

"ஒண்ணுமே இல்லீங்க்கா. ஆனா பாத்துட்டே இருக்கோணும் போல இருக்குது."

பிறகு, சட்டையில் பாக்கெட்டை எடுத்துப் போடலாமா என்று கேட்டாள். முன்பக்கம் வெறுமையாக இருந்தால் துணி விழுவது மட்டும் தெரியும் என்றாள். இன்னொரு காரணமும் சொன்னாள். பதினொரு வருடமாகச் சீருடைக்குப் பாக்கெட் வைத்துத் தைக்கிறாள்; ஒரு பாக்கெட்டும் தன் கண்ணில் படவேண்டாம். எனக்கு அது சரி என்று பட்டது. பக்கம் கட்டிய வருடங்களில் நான் போட்ட சண்டைகளில் பாதி வெற்று இடத்துக்காகப் போட்டவை. விளம்பரப் பிரிவு ஒரு சதுரம் கேட்கும். நான் தரமாட்டேன் என்பேன். எடுத்துவிடு என்றேன்.

பன்னிரண்டு சட்டை தைத்தாள். பாக்கெட் இல்லை. காலர் உண்டு, மேல் பொத்தான் உண்டு, கீழே இரண்டு பொத்தான் கிடையாது. பொம்மைக்குப் பட்டுச் சேலை கட்டி மேலே சிமெண்டு நிறச் சட்டை போட்டபோது, அது நன்றாகத்தான் இருந்தது. பத்திரிகையில் இருந்திருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்பேன்.

கண்காட்சியின் முதல் நாள் நல்ல கூட்டம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். எங்கள் இடத்துக்கு வந்தவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள், தையலைத் திருப்பிப் பார்த்தார்கள், நல்ல துணி என்றார்கள். பொம்மையைப் பார்த்ததும் கையை எடுத்தார்கள். வைரத்தோடு போட்ட ஓர் அம்மா கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

"ஏங்கண்ணு, பட்டுச்சீலையக் கட்டிட்டுக் காட்டு வேலைக்குப் போற மாதிரியல்ல இருக்குது."

அவர் மருமகள் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பினாள். பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. அவள் கணவன் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அம்மணி, நாளைக்கு நம்ம தோட்டத்துல களையெடுப்பு. ஒரு ஆளு கொறையுது, வாரயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கழற்றி, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். அன்று முழுவதும் இப்படித்தான் போனது. இங்கே சேலைக்கு மேல் சட்டை என்றால் கூலிக்குப் போகிறவர் என்று அர்த்தம். அதை எங்களைத் தவிர எல்லோரும் தெரிந்து வைத்திருந்தார்கள். எங்களுக்கும் தெரியும், தெரிந்ததை மறந்திருந்தோம்.

இரண்டாவது நாள் காலை அவளை அழைத்துப்போக வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் முன் அறையில் டேப் வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார். சும்மா பார்க்கிறேன் என்றார். பிறகு, அந்த அலமாரி சுவரோடு சேர்ந்ததா, கழற்றுவதா என்று என்னிடமே கேட்டார். தோழி உள்ளே இருந்து, கழற்றுவதுதான் என்று பதில் சொன்னாள்.

அன்று மத்தியானம் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். சட்டையின் கதையைத் தோழி சொன்னாள். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போகும்போதும் இதைப் போட்டுக்கொண்டுதான் போவார்களா? தோழி என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை. நோட்டில் இருந்த குறிப்பெல்லாம் காலை ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடைப்பட்டவை. மாலையில் ஒருமுறைகூட அங்கே போகவில்லை. இப்படி ஒரு செய்தியை யாராவது கொண்டுவந்திருந்தால், திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பியிருப்பேன்.

சிமெண்டு நிறச் சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஐந்து நாற்பதுக்கு முக்கில் இறங்கினேன்.

வேலை முடிந்தவர்களை ஒரு சின்ன வண்டி கொண்டுவந்து இறக்கியது. பேக்கரிக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறது. பெண்கள் நேராக அங்கே போனார்கள். முதலில் சட்டையின் இடது மார்பில் இருந்த பாக்கெட்டைக் காலி செய்தார்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போன், காலையில் வந்த பஸ் டிக்கெட், மடித்த ஒரு மாத்திரை அட்டை, சாவி. பிறகு சட்டையைக் கழற்றி உதறினார்கள். சிமெண்டு பறந்தது. மடித்து ஒயர்க் கூடையின் அடியில், சோறு கொண்டுவந்த தூக்குப் போசிக்குக் கீழே வைத்தார்கள். முகம் கழுவினார்கள். கொசுவத்தைச் சரி செய்து, தலையை நீவிப் பின்னைக் குத்திக்கொண்டார்கள். ஜாக்கெட் சேலைக்குப் பொருத்தமான நிறத்தில் இருந்தது. பத்து நிமிடத்தில் அங்கே சித்தாள் யாரும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் இருந்தார்கள். நீலக் கட்டம் போட்டவர் என்னைக் கூப்பிட்ட பிறகுதான் அவரை எனக்கு அடையாளம் தெரிந்தது.

தைத்தது கொண்டுவந்திருக்கிறேன் என்று சட்டையைக் கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். துணியைப் பெருவிரலால் தேய்த்தார். உள்தையலைத் திருப்பிப் பார்த்தார். கெட்டித் தையல் என்றார். பிறகு, பழக்கத்தில், இடது மார்புப் பக்கம் கையை விட்டார். கை வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி விட்டார்.

"பாக்கெட் எங்கீங்க?"

இல்லை என்றேன்.

"அப்பறம் எதுக்குங்க சட்டை?"

பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் அதை உள்ளேயும் வெளியேயும் தேடினார், பாக்கெட் எங்காவது ஒளிந்திருக்கும் என்பது போல. நீலக் கட்டக்காரர் பொறுமையாக எனக்கு எடுத்துச் சொன்னார். வெயிலுக்குத் துண்டு போதும். தூசிக்குப் பழைய சேலையே போதும். வீட்டில் அவர் கணவருடைய டி-சர்ட் ஆறேழு சும்மா கிடக்கிறது. அதை யாரும் போடுவதில்லை. சண்டை போட்டு வாங்கி வருவது பாக்கெட் வைத்த சட்டையைத்தான். தலையில் செங்கல் இருக்கும்போது மகளிடமிருந்து போன் வந்தால் இடுப்பில் தேட முடியாது.

"அழகுக்குப் போடறோம்னு நெனச்சுப்போட்டீங்களா?"

கேலி கொஞ்சம்தான் இருந்தது. சட்டையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் வருகிறது என்று போனார்.

நான் மண்டபத்துக்குத் திரும்பவில்லை. அங்கிருந்தே தோழிக்குப் போன் செய்து, பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். கழற்றுகிறார்கள் என்றேன். பாக்கெட்டையும் சொன்னேன்.

"பதினோரு வருசமா அதையேதானுங்க்கா தெச்சேன்" என்றாள்.

மூன்றாவது நாள் காலை பத்து மணிக்கு மண்டபம் திறந்தபோது, பன்னிரண்டில் பதினொரு சட்டைகளில் பாக்கெட் இருந்தது. சீருடைப் பாக்கெட்டின் அளவு அல்ல. அதைவிட ஆழம், மேலே மூடி, மூடிக்குப் பொத்தான். குனிந்தாலும் போன் விழாது. சிமெண்டு நிறத்தில் செங்கல் நிறப் பாக்கெட், நீலத்தில் சிமெண்டு. அவள் விடிவதற்கு முன்னால் எழுந்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டாவது என் பையில் இருந்தது. அதை எடுத்துப் பொம்மைக்குப் போட்டோம். வேறு எதுவும் அதன் அளவுக்குச் சரியாக இல்லை. பட்டுச் சேலையை மட்டும் மாற்றி, சாதாரணப் பருத்திச் சேலை கட்டியிருந்தாள்.

காலையில் வந்த இரண்டு பேர் பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். ஒருவர், வங்கியில் வேலை பார்ப்பவர், போனை உள்ளே போட்டுக் குனிந்து நிமிர்ந்தார். எவ்வளவு நாளாக இதைத் தேடுகிறேன் என்றார். வீட்டில் கேட்டுக்கொண்டு மத்தியானம் வருகிறேன் என்று போனார். வரவில்லை.

பதினொன்றரைக்குப் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்தார். மூன்று ஊரில் கடை வைத்திருப்பவர். எங்கள் இடத்தில் ஆறு நிமிடம் இருந்தார். தொங்கிய பதினொரு சட்டைகளையும் ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பொம்மையிடம் நின்றார். இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்தார். காட்டு வேலை, களையெடுப்பு எதுவும் அவருக்கு நினைவு வரவில்லை என்று தெரிந்தது.

"இது மாதிரி நாற்பது வேணும். முன்னால கிளீனா இருக்கணும். அந்தப் பாக்கெட் எல்லாம் வேண்டாம்."

தோழி என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவருவதைத் திருத்துகிறவளாகவே இருந்து பழகியவள் நான். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து பழக்கமில்லை. அவளும் நான் சொல்லவேண்டும் என்று காத்திருக்கவில்லை. பாக்கெட்டின் மூடியை ஒருமுறை திறந்தாள், மூடினாள்.

"எடுத்துடறனுங்க" என்றாள்.

கணவருக்கு அவள் போன் செய்து சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் நல்லது என்று சொன்னது எனக்கே கேட்டது. அலமாரியைக் கழற்றியாகிவிட்டது, திரும்ப மாட்டிவிடுகிறேன் என்றும் சொன்னார்.

பதினொரு சட்டைகளிலிருந்து பாக்கெட்டைப் பிரித்தார்கள். பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரிந்ததால் அவற்றை அனுப்பவில்லை. நாற்பதும் புதிதாகத் தைத்தார்கள். அதற்குப் பிறகு அதே கடையிலிருந்து மறுபடி கேட்டார்கள். இப்போது சீருடை வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். வாசலில் அவள் பெயர் எழுதிய பலகை இருக்கிறது. பம்ப் உதிரிகள் தகரக் கொட்டகையில் இருக்கின்றன. மழை பெய்தால் மட்டும் சில பெட்டிகள் மாடிப்படிக்கு ஏறும்.

போன வாரம், காலை பத்தே கால் மணிக்கு அங்கே போனேன். முன் அறையில் வெட்டுமேசைக்கு முன்னால் தோழி நின்றிருந்தாள். பெங்களூருக்குப் போகிற துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் கணவருடைய பழைய கோடு போட்ட சட்டை ஒன்றை மாட்டியிருந்தாள். அதன் பாக்கெட்டில் சாக்கட்டியும், சின்னக் கத்தரியும், போனும் இருந்தன.